நான்கெல்லைக்கு உட்பட்ட தாய்மாமன்

சாத்தாங்கரையில் வழக்கில் சிக்கிய பொருட்கள் தாமாகவே எழுந்து நடந்து கோர்ட்டுக்குப் போகத் தொடங்கியது எந்த வருடம் என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள், யார் சொல்வது சரி என்று அதற்கும் ஒரு வழக்கு போட்டுவிடக்கூடிய ஆட்கள்தான் எங்கள் ஊரில் எல்லாரும், ஆனால் முதன்முதலில் போனது ஒரு மதில்சுவர் என்பதில் மட்டும் யாருக்கும் தகராறு கிடையாது.

சைக்கிள் கடை மாசானத்தின் வீட்டுக்கும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்தச் சுவர் யாருடைய மண்ணில் நிற்கிறது என்று பிராது கொடுக்கப்பட்டு, அந்தப் பிராதுக்கு முன்சீப் கோர்ட்டில் எண் விழுந்த அன்று காலையில், சுவர் ஒரு செருமலோடு அஸ்திவாரத்திலிருந்து எழுந்தது, மேலே காயப்போட்டிருந்த ஹெட்மாஸ்டரின் வேட்டி கீழே விழாதபடி பக்குவமாக நடந்தது, பஜார் தெருவில் டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கி வழிவிட்டது, கோர்ட் வாசலில் நுழைந்து வேப்பமரத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டது. கோர்ட்டில் பேர் கூப்பிடும் டவாலி அருளப்பன் அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தார். கிளாஸை வைத்துவிட்டு வந்து, என்ன வழக்கு என்று விசாரித்து, சாக்கட்டியால் சுவரின் மேல் எண்ணை எழுதிவிட்டு மறுபடியும் டீ குடிக்கப் போனார். சுவரே போய்விட்டது, நாம் போகாவிட்டால் நன்றாகவா இருக்கும் என்று மாசானமும் ஹெட்மாஸ்டரும் ஆளுக்கொரு பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு முருங்கைமரம் போனது, கோழிக்கூடு ஒன்று கோழிகளோடு போனது, இரண்டு வயல்களுக்கு நடுவே கிடந்த வண்டிப்பாதை தன்னைப் பாயைப் போலச் சுருட்டிக்கொண்டு போனது, எண்ணெய்ச் செக்கு ஒன்று போனது, கடைசியில் ஒரு கிணறும் போனது. கிணறு எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர்கள்தான் கேட்பார்கள். மெதுவாகத்தான் நடக்கும், தண்ணீர் தளும்பக் கூடாது அல்லவா. இவற்றுக்கெல்லாம் ஒரு ஒழுங்கு வேண்டும் என்று அப்போதைய முன்சீப் ஒரு உத்தரவு போட்டார். வழக்கு முடியும்வரை வாதியோ பிரதிவாதியோ அந்தப் பொருளை அனுபவிக்கக் கூடாது என்பதுதான் உத்தரவு. நல்ல உத்தரவுதான், ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் படித்த விதமே வேறு. அந்த இரண்டு பேர் தவிர மற்ற எல்லாரும் அனுபவிக்கலாம் என்று படித்தார்கள். ஆகவே முருங்கைக்காய்க்குச் சண்டை போட்ட இரண்டு வீட்டிலும் முருங்கைக்காய்க் குழம்பு நின்றுபோக, ஊர் முழுக்க முருங்கைக்காய் மணந்தது. அடுத்தவன் கிணற்றில் ஊர் தண்ணீர் இறைத்தது, அடுத்தவன் சுவரில் ஊர் வேட்டி காயப்போட்டது, சுருட்டி வைத்திருந்த வண்டிப்பாதையை ஞாயிற்றுக்கிழமைகளில் விரித்து அதில் பிள்ளைகள் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள்.

இப்படி ஒரு வசதி கிடைத்த பிறகு வழக்கு போடாமல் யார் இருப்பார்கள்? முன்பெல்லாம் வாசலில் நின்று கத்தித் தீர்த்துக்கொண்ட விஷயங்களுக்குக்கூட, "எதுக்கு வாயைக் கெடுத்துக்கிட்டு, கோர்ட்டுல பாத்துக்கிடுவோம்" என்று பக்குவமாகச் சொல்லிப் பிரிய ஆரம்பித்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில், உங்க வீட்டுல என்னென்ன வழக்கு நடக்குது என்று கேட்பது மரியாதையாகிவிட்டது. ஒன்றும் இல்லை என்று சொன்ன வீட்டைப் பாவம்போலப் பார்த்தார்கள். கடன் திருப்பிக் கேட்பது, கல்யாணத்துக்குக் கூப்பிடுவது, கோபித்துக்கொண்டு போனவரைச் சமாதானம் செய்வது எல்லாமே நோட்டீஸ் மூலமாக நடந்தன. நேரில் போய்க் கேட்டால் எதிரில் இருப்பவர் இல்லை என்று சொல்லிவிடக்கூடும், அந்த முகத்தை நாம் பார்க்க வேண்டியிருக்கும். கோர்ட்டில் அந்தச் சங்கடம் இல்லை.

கிணறு போனது என்றேனே, அது ஆவுடைத்தாயும் அவள் தம்பி கொம்பையாவும் போட்டுக்கொண்ட வழக்கில் போனது. தகப்பனார் விட்டுப்போன நிலத்தில் இருந்த அந்தக் கிணற்றில் இன்றைக்கு அக்காள் முறை, நாளைக்குத் தம்பி முறை என்று ஒழுங்காகத்தான் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோடையில், தண்ணீர் வற்றியிருந்த சமயம், அக்காள் முறையில் தம்பி மோட்டார் போட்டுவிட்டான். மறந்துபோய்ப் போட்டேன் என்றான் அவன். மறக்கவில்லை, தெரிந்தே போட்டான் என்றாள் அவள். பிராது கொடுத்தாள். கிணறு நடந்தது. அந்தக் கிணறு தன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்ற கொம்பையா, "இனி எனக்கு அக்கான்னு யாரும் கிடையாது" என்று தெரு கேட்கச் சொன்னான். சிறு வயதில் அவனை இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கப் பழகியவள் அவள், இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறாள். அந்த ஆவுடைத்தாய் அதைக் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு பேரும் அன்று இரவு சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும்.

இப்படி இருக்கும்போதுதான் ஆவுடைத்தாயின் மகள் செண்பகவடிவுக்குக் கல்யாணம் நிச்சயமானது, ஆவணி மாதக் கடைசி முகூர்த்தத்தில். எங்கள் பக்கத்து முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்து, மணவறைக்குக் கூட்டி வந்து உட்கார வைத்தால்தான் பெண். மாமன் இல்லாமல் தாலி கட்ட மாட்டோம் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா நிச்சயத்தன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். செண்பகவடிவு அதற்கு மேல் கண்டிப்பு. "மாமா வரலைன்னா நான் எந்திரிக்கவே மாட்டேன், எனக்கு வேற மாமா கிடையாது" என்று தாயிடம் சொன்னாள். தம்பி வீடு அடுத்த தெருதான். போய் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். ஆனால் போய்க் கூப்பிட்டு அவன் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு திரும்பி நடந்து வர அவளுக்குக் கால் இருக்காது. அதனால் ஊரில் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள், வக்கீல் தீத்தாரப்பனிடம் போனாள்.

வக்கீல் தீத்தாரப்பன் தங்கமான மனிதர். வழக்கு என்று வந்தவரை வெறும் கையோடு அனுப்பாதவர், ஒரு வழக்குக்கு வந்தால் இரண்டாகப் போட்டு அனுப்புவார்.

"தாய்மாமனா வந்து நின்னு மாலை போடணும்னு உத்தரவு வாங்கணும். அவ்வளவுதானே தாயி? பேஷா போடலாம். ஆனா எந்த வழக்குன்னாலும் சொத்து விவரம் எழுதணுமே. இங்க சொத்து யாரு?"

"சொத்துன்னா அவந்தான்."

"சரி, அவன் நான்கெல்லை என்ன?"

நிலம் என்றால் நான்கு பக்கமும் எது இருக்கிறது என்று எழுதத்தான் வேண்டும், அதில்லாமல் எந்தப் பிராதும் ஏறாது என்பது தீத்தாரப்பன் தொழிலில் கண்ட உண்மை. ஆவுடைத்தாய் கண்ணை மூடி யோசித்துச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். கிழக்கே மனைவி கோமதி, மேற்கே எருமைத் தொழுவம், வடக்கே குலதெய்வம், தெற்கே வாதியாகிய அக்காள், இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கொம்பையா ஒருவன், நல்ல திடகாத்திரமானவன், முன்கோபம் உட்பட. அவர் இத்தனை வருடத்தில் செய்த ஒரே பிழை இதுதான், நேர்த்தியாகச் செய்துவிட்டார்.

பிராதுக்கு எண் விழுந்த அன்று கொம்பையா கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தான். பாதிச் செம்பில் எழுந்தான். "எங்க போறீய?" என்று கோமதி கேட்டாள். "நான் போகலட்டீ, காலு போகுது" என்று சொல்லிக்கொண்டே கொம்பையா வாசல் இறங்கி, தெருவில் வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே, பஜார் வழியாக நடந்து கோர்ட்டுக்குள் போய், மதில்சுவருக்கும் முருங்கைமரத்துக்கும் நடுவில் இடம் பார்த்து நின்றான். வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தான், கால் திரும்பிவிட்டது. கோர்ட் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்துப் பார்த்தான், உள்பக்கமாகவே விழுந்தான். அருளப்பன் வந்து, "திரும்புங்க அண்ணாச்சி" என்று மரியாதையாகச் சொல்லி, சட்டை முதுகில் எண்ணை எழுதினார்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த முன்சீப் அம்மா வழக்குக்கட்டை வெகுநேரம் புரட்டிப் பார்த்தார். பிரதிவாதியும் இவரே, வழக்கில் உள்ள சொத்தும் இவரே, ஆகவே வழக்கு முடியும்வரை இவரை வாதி அனுபவிக்கக் கூடாது, இவரும் இவரை அனுபவிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டு, வாய்தாவை ஐப்பசிக்குத் தள்ளினார். அருளப்பன் உத்தரவுகளை எழுத்துக்கு எழுத்து மதிப்பவர். கொம்பையா தானே முகம் மழித்துக்கொள்ளப் போனபோது கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு நாவிதரை வரவழைத்தார். முதுகு அரித்தால்கூட வேறு யாரையாவது கூப்பிடச் சொன்னார். கோமதி மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். எருமை இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானாகவே வந்து கோர்ட் வாசலில் படுத்துக்கொண்டது. அதற்கு வழக்கு ஒன்றும் இல்லை, பாசம்தான்.

ஊர் சும்மா இருக்குமா? இங்கே ஒரு தாய்மாமன் வெறுமனே நிற்கிறான், வாதி பிரதிவாதி தவிர யாரும் அனுபவிக்கலாம். அண்ணன் தம்பி இல்லாதவள், தம்பி துபாயில் இருப்பவள், தம்பியோடு பேச்சு முறிந்தவள், எல்லாரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார்கள். வேப்பமரத்தடியில் கொம்பையா சம்மணம் போட்டு உட்கார, அவன் மடியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காது குத்தினார்கள். வயசுக்கு வந்த பெண்களுக்கு அவன் கையால் மாலை போட்டுக்கொண்டு போனார்கள். முகூர்த்த நாட்களில் மணப்பெண்கள் ஆட்டோவில் வந்து இறங்கி, வரிசையில் நின்று, கோர்ட் வராந்தாவில் அவன் கையைப் பிடித்து நாலு எட்டு நடந்துவிட்டு மண்டபத்துக்குத் திரும்பினார்கள். தெருவில் யாரோடும் ஒட்டாத முசுடு என்று பெயரெடுத்த கொம்பையா, அழுகிற பிள்ளைக்குக் காதில் ஊதிவிடவும், மணப்பெண்ணிடம் "பயப்படாத தாயி" என்று சொல்லவும் கற்றுக்கொண்டான். ஊருக்கே மாமன் ஆகிவிட்டான்.

இதையெல்லாம் ஆவுடைத்தாய் கோர்ட் வாசல் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாள். தன் மகளுக்கு என்று பிறந்த கை எவள் எவள் மகளுக்கோ மாலை போடுவதைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று தம்பி இருப்பவர்களுக்குத் தெரியும். ஆவணியும் பாதி கழிந்துவிட்டது. வழக்கு நடந்தால் அவனால் வாசலைத் தாண்ட முடியாது. கல்யாணத்தையே கோர்ட்டுக்குள் வைக்கலாம் என்றால், வாதி வீட்டுப் பெண்ணுக்கு அவன் மாலை போடக் கூடாது. வழக்கை வாபஸ் வாங்கினாலோ அவன் விடுதலையாகி அவன் வீட்டுக்குப் போய்விடுவான், வந்துதான் ஆக வேண்டும் என்ற எந்தக் கட்டாயமும் அதற்குப் பிறகு இருக்காது. தீத்தாரப்பனே தாடையைச் சொறிந்தார். "கட்டி வச்சா வர முடியாது, அவுத்து விட்டா வருவான்னு சொல்ல முடியாது" என்றவர், பழக்க தோஷத்தில் இன்னொரு வழக்கு போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சாப்பாட்டு வேளையில் கோர்ட் ஓய்ந்திருந்த நேரம் பார்த்து அவள் உள்ளே போனாள். கொம்பையா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். அவர்களுடைய கிணறுதான். இத்தனை நாளாக இரண்டு பேரும் அதிலிருந்து ஒரு வாளி குடித்ததில்லை.

"மெலிஞ்சிட்டியே" என்றாள்.

அவன் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தான்.

"நாளை மறுநாள் வடிவுக்குக் கல்யாணம்லே. வாபஸ் வாங்கினா வருவியா?"

கொம்பையா வேப்பமரத்தைப் பார்த்தான், அருளப்பன் தூங்குகிறாரா என்று பார்த்தான், பிறகு பொதுவாகக் கிணற்றைப் பார்த்துச் சொன்னான். "வழக்கு நடக்கும்போது நான் வாயத் தொறந்து என்ன சொன்னாலும் அது எனக்கு எதிரா போயிருமாம். எங்க வக்கீலு பேசக் கூடாதுன்னிருக்காரு."

"அக்காகிட்டகூடவா?"

"அக்காகிட்டதான் முக்கியமா பேசக் கூடாதுன்னாரு."

ஆவுடைத்தாய் அவன் முதுகைப் பார்த்தாள். அந்தச் சட்டையில் சாக்கட்டி எழுத்து வேர்வையில் கரைந்து கரைந்து, திரும்பத் திரும்ப எழுதப்பட்டுத் தடித்துப் போயிருந்தது. அதைத் தட்டிவிட அவள் கை போனது, பிறகு உத்தரவு நினைவு வந்து இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் முன்சீப் அம்மா முன்னால் நின்று வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொன்னாள். எங்கள் ஊரில் இழுத்துக்கொண்டே போன வழக்கு உண்டு, தோற்ற வழக்கு உண்டு, ஜெயித்து வீணாய்ப் போன வழக்கு உண்டு. வாபஸ் என்ற சொல்லைக் கேட்டு டைப்பிஸ்ட் கையை நிறுத்திவிட்டார். வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து ஜன்னலுக்கு வந்தார்கள்.

"சமரசம் ஏதாவது ஆச்சா? வர்றேன்னு எழுதிக் குடுத்தாரா?" என்று முன்சீப் அம்மா கேட்டார்.

"இல்லம்மா."

"அப்ப எதை நம்பி வாங்குறீங்க?"

"ஒண்ணையும் நம்பல. கோர்ட்டு சொல்லி வந்தான்னா அது கோர்ட்டு அனுப்புன ஆளு வந்ததாத்தான் இருக்கும். எம் மகளுக்கு அந்த ஆளு வேண்டாம். வந்தா எந்தம்பி வரட்டும். வராட்டா..." என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

முன்சீப் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வழக்கமான ஒரு கேள்வியைக் கொம்பையாவிடம் கேட்டார், சொத்து விவரத்தில் எழுதியிருக்கும் எல்லைகள் சரிதானா, ஆட்சேபம் உண்டா என்று. அவன் முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டான். தெற்கே அக்காள் என்ற இடம் வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான். "எல்லாம் சரிதான்" என்றான். உத்தரவில் கையெழுத்து விழுந்ததும் சட்டை முதுகிலிருந்த எண் மாவாக உதிர்ந்தது. அவன் வாசலைத் தாண்டி, எருமையைத் தட்டி எழுப்பி, யாரையும் திரும்பிப் பார்க்காமல் அவன் தெருப் பக்கம் போய்விட்டான்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கல்யாணம் நடக்குமா என்று பார்க்கும் ஆசை, அதை மறைக்காமலே பந்தியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். செண்பகவடிவு அலங்காரம் முடிந்து அறையில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஐயர் ஓமகுண்டத்தைப் பார்த்தார், ஆவுடைத்தாய் வாசலையே பார்த்தாள். முகூர்த்தம் முடியப் போகிற சமயம் வாசலில் கோமதி வந்து நின்றாள், தனியாக வந்திருந்தாள். ஆவுடைத்தாய் அவளுக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"மதினி, என்ன இங்கயே நிக்கிய?" என்றாள் கோமதி. "அவரு விடியும்போதே குளிச்சு, பட்டு வேட்டி கட்டி, கையில மாலைய வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்காரு. மாமன் தானா எப்படிப் போவான், வந்து கூப்பிடணும்லான்னு கேட்டுக்கிட்டு நிக்காரு. யாரும் வரலையேன்னு பாதி மாலையப் பிச்சுப் போட்டாச்சு."

உண்மைதான். கூடப்பிறந்தவள் நேரில் போய், தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்று கூப்பிட்டுத்தான் தாய்மாமனை அழைத்து வர வேண்டும். நோட்டீஸ் அனுப்பிப் பழகிய ஊரில் அப்படி ஒரு முறை இருந்ததே எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. ஆவுடைத்தாய் தட்டைத் தேடவில்லை, செருப்பையும் தேடவில்லை, ஒரு பக்கம் சாய்ந்த அந்த நடையோடு தெருவில் ஓடினாள், அவள் பின்னால் வாயில் இட்லியோடு தவில்காரர் ஓடினார், அவருக்குப் பின்னால் நாயனக்காரர், அவர்களுக்குப் பின்னால் பந்தியை விட்டு எழுந்த ஊர் ஓடியது.

கொம்பையா வாசற்படிக்கு உள்ளே நின்றான். அவள் வெளியே நின்றாள். மூச்சு வாங்கியது.

"வாலே" என்றாள்.

"எங்க?"

"எம் மகளுக்கு மாலை போட. எனக்கு வேற யாருல இருக்கா."

கொம்பையாவுக்கு முகம் என்னவோ செய்தது. கையிலிருந்த மாலையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டான்.

"நேத்தே சொல்லியிருக்கலாம்லா, வாறேன்னு" என்றாள். "ராத்திரியெல்லாம் உசுரு போயிட்டு."

"அங்க சொன்னா கோர்ட்டுல சொன்னதால்லா ஆயிரும்."

"கிணத்து வழக்க நான் வாபஸ் வாங்கலலே. சொல்லிட்டேன்."

"வாங்காத. அத நான் ஜெயிக்கணும்."

படி இறங்கி அவன் தெருவில் கால் வைத்தான். தவில்காரர் இட்லியை விழுங்கிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். நாலு எட்டு வைத்த கொம்பையா பஜார் திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டான், தன் கால்களைக் குனிந்து பார்த்தான், பிறகு மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வலது கையை அவள் பக்கம் நீட்டினான்.

"கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக்கா. பழக்கத்துல காலு கோர்ட்டுப் பக்கம் போயிரப் போகுது."

அவள் பிடித்தாள். மண்டபம் வந்த பிறகும் விடவில்லை.